நீதான் எனக்கு வலி

ஜனவரி 12, ஞாயிறு

இந்த டைரி லிசி சேச்சி கொடுத்தது. சேச்சி என் முதலாளி. மஸ்கட்டில், ரூவியில், லேடீஸ் பார்லர் வைத்திருக்கிறார். "மெகராஜே, எல்லாம் இதில் எழுது. என்டெ செவிக்குக் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கட்டே" என்று கையில் திணித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் புருவம் எடுப்பவள். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்யும்போது வாயைத் திறக்க முடியாது. நாளெல்லாம் அடக்கிவைத்த பேச்சைச் சாயங்காலம் அவர் தலையில்தான் கொட்டுவேன்.

எழுதவும் விஷயம் இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் எனக்கு நிக்காஹ். மாப்பிள்ளை மஹ்ரூப், இலங்கையில் அக்கரைப்பற்றுக்காரர், ஏசி மெக்கானிக். மனைவி இறந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. பார்லர் ஏசிக்குக் கேஸ் போட வந்தவர்தான். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக அந்த ஏசி மாதம் ஒரு தடவை கெட்டுப்போனது. எப்படிக் கெட்டது என்று நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை போனில் பாசிலிடம் சொல்லிவிட்டேன். பாசில் என் ஒரே பிள்ளை. இருபத்து மூன்று வயது, கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை. அவன் அத்தா, என் வீட்டுக்காரர், மவுத்தாகும்போது அவன் சின்னப் பையன். என் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு நான் இங்கே வந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிம்மா, லைன் விட்டு விட்டு வருது" என்றான். எனக்கு லைன் நன்றாகத்தான் கேட்டது. அவன் பக்கம் எப்படியோ.

ஜனவரி 15, புதன்

கோர்ட்டுக்குப் போனோம். வெளிநாட்டார் இங்கே நிக்காஹ் செய்ய என்னென்ன வேண்டும் என்று கேட்கப் போனோம். யா அல்லாஹ், கேட்டிருக்கவே வேண்டாம்.

இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் விசாக் கார்டும். மறுமணத்துக்குத் தடையில்லை என்று அவரவர் தூதரகத்துக் காகிதம். அவருடைய முதல் மனைவியின் இறப்புச் சான்றிதழ், என் முதல் கணவருடையது. அவற்றை அரபியில் மொழிபெயர்த்து, முத்திரை மேல் முத்திரை வாங்கியிருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை. முஸ்லிம் சாட்சிகள் இரண்டு பேர். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் என்ன என்று எழுத வேண்டும்.

அங்கே மொழிபெயர்ப்பாளராக ஒரு மலையாளி உட்கார்ந்திருந்தார். மொய்துக்கா என்கிறார்கள்; அவர் என்னை இத்தா என்கிறார், அக்கா என்று அர்த்தம். எல்லாம் குறித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "இத்தா, வலி உண்டோ?" என்றார்.

"இருக்கு பாய். ரெண்டு முட்டியிலயும். மாடிப்படி ஏறுனா உசுரு போகுது" என்றேன்.

மஹ்ரூப் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். மொய்துக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்படிச் சிரிப்பு. வலி என்றால் பெண்ணைப் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பாளராம். அரபிச் சொல். எங்கள் உத்தமபாளையத்தில் வக்கீல் என்றுதானே சொல்வோம்? மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்டு வருபவர் வக்கீல். நான் எதைக் கண்டேன்.

என் அத்தா இல்லை. கூடப் பிறந்தது ஒரு தங்கச்சி. "அப்ப மகன்தான் வலி. அவர் வரணும், இல்லெங்கில் பவர் எழுதி முத்திரை வெச்சு அனுப்பணும்" என்றார் மொய்துக்கா.

பஸ்ஸில் வரும்போது மஹ்ரூப் ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தார். "எங்கட ஊருல மகன் உம்மாக்கு வலியா நிக்க ஏலா. நாங்க ஷாஃபி மத்ஹபுக்காரர், அந்தச் சட்டம் வேற. இஞ்ச ஏலுமாம். ஒரு கணக்குல பாத்தா நல்லம்தானே, மகன்ட கையாலேயே நடக்கும்" என்றார். நல்ல மனுஷன். எதிலும் ஒரு நல்லதைப் பார்த்துவிடுவார்.

ஜனவரி 16, வியாழன்

பாசிலுக்கு மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை. கம்பெனியில் வேலை அதிகமாக இருக்கும்.

ஜனவரி 19, ஞாயிறு

அரபியில் பெயர் எழுத அத்தாவின் அத்தா பெயரும் வேண்டுமாம். எனக்கு எங்கே தெரியும்? தங்கச்சியைக் கேட்டு, தங்கச்சி பள்ளிவாசலில் கேட்டு, சாயங்காலம் பதில் வந்தது: சின்ன மீரா ராவுத்தர். இத்தனை வயசுக்கு மேல் எனக்கு ஒரு தாத்தா கிடைத்தார். அல்ஹம்துலில்லாஹ்.

தங்கச்சி இன்னொன்றும் சொன்னாள். பாசில் வாராவாரம் உத்தமபாளையம் வந்து எங்கள் வீட்டு மாடியில் அறை கட்டுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தவன், இரண்டு வாரமாக வரவில்லையாம். கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். எனக்குத் தெரியும் அந்த அறை. போன பெருநாளைக்குத்தான் பாத்ரூம் டைல்ஸ் படம் அனுப்பி, வெஸ்டர்ன் வைக்கவா இந்தியன் வைக்கவா என்று கேட்டான். வெஸ்டர்னே வை, எனக்கெல்லாம் உட்கார்ந்து எழ முடியாது என்று அனுப்பினேன். வருகிற மருமகளுக்கும் அதுதான் பிடிக்கும். கட்டட வேலை என்றால் நின்று நின்றுதான் நடக்கும்.

ஜனவரி 21, செவ்வாய்

இப்போதும் போனை எடுக்கவில்லை. லிசி சேச்சி, "மெசேஜ் அயக்கு. சுருக்கமா எழுது, நீ கதை எழுதினா பிள்ளை படிக்கில்ல" என்றார். நியாயம்தான். இந்த ஒரு வாரமாக வலி, வலி என்று தூதரகத்திலும் கோர்ட்டிலும் பேசிப் பேசி எனக்கும் விஷயம் நாக்கில் படிந்துவிட்டது. இரண்டு தடவை அழித்து எழுதி, இப்படி அனுப்பினேன் (பிள்ளையைச் செல்லமாக அத்தா என்றுதான் கூப்பிடுவேன்):

"அஸ்ஸலாமு அலைக்கும் அத்தா. கோர்ட்டில் கேட்டார்கள். நீதான் எனக்கு வலி என்று சொல்லிவிட்டேன். மறைத்துப் பயன் இல்லை, வேறு யாரும் கிடையாது. இது தீர்ந்தால்தான் எனக்குக் கல்யாணம். யோசித்துச் சொல்."

சுருக்கம், தெளிவு. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

ஜனவரி 22, புதன்

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

பதில் வந்துவிட்டது! "புரியுதும்மா" என்று போட்டிருக்கிறான். பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுப் பாயசம் வைத்து, என்னோடு குவார்ட்டர்ஸில் தங்கியிருக்கும் பெண்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

ஜனவரி 30, வியாழன்

புரியுது என்றவன் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் நாங்கள் இரண்டு பேரும் இருக்கும் படத்தை முகப்பில் வைத்திருந்தான். இப்போது அங்கே ஒரு மோட்டார் பம்ப் இருக்கிறது. கம்பெனியில் வைக்கச் சொல்லியிருப்பார்கள்.

இன்று ஒரு புருவம் கோணிப்போய்விட்டது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 3, திங்கள்

இரத்தப் பரிசோதனை. இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. மஹ்ரூப் ஊசிக்குக் கண்ணை மூடிக்கொண்டார். ஐம்பது அடி உயரத்தில் தொங்கிக்கொண்டு ஏசி மாட்டுகிற ஆள்!

பிப்ரவரி 5, புதன்

மறுபடி கோர்ட்டு. எல்லாக் காகிதமும் சேர்ந்தாயிற்று, வலியைத் தவிர. நிக்காஹுக்கு இருபத்து நான்காம் தேதி கொடுத்திருக்கிறார்கள். தேதியையும், அவன் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் பாசிலுக்கு அனுப்பிவிட்டேன்.

"மகன் வரலெங்கில் வேற வழியுண்டு" என்றார் மொய்துக்கா. மகன் மறுக்கிறான் என்று நான் மனுக் கொடுக்க வேண்டுமாம். நீதிபதி அவனை விசாரிப்பார். சரியான காரணம் இல்லையென்றால், அவரே வலியாக நின்று முடித்துவைப்பார்.

"எம்புள்ள மேல நான் பிராது கொடுக்கணுமா?" என்றேன்.

"பிராது அல்ல இத்தா, ஒரு மனு."

"கோர்ட்டுல கொடுத்தா பிராதுதான் பாய். நான் அவனைப் பெத்தவ."

வெளியே வந்து மஹ்ரூப்பிடம் சொல்லிவிட்டேன். அவன் சம்மதம் இல்லாமல் இது நடக்காது, நடக்கவும் வேண்டாம். நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அவர், "அவன்ட பக்கமும் ஒரு நியாயம் இரிக்கும் தானே. வராட்டி நாம இப்பிடியே இருப்பம். மாசம் ஒருக்கா ஏசி பழுதாகும். நான் வந்து பாத்துட்டுப் போறன்" என்றார்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கும்படி ஆகிவிட்டது. இப்படி ஒரு மனுஷனை என் கண்ணில் காட்டினாயே, ரப்பே! கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதற்கு நான் நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒன்றுமில்லை. வேலை. துவைத்தேன். மீன் வாங்கினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பாசில் பாஸ்போர்ட் படம் அனுப்பியிருக்கிறான்! கீழே, "விசா போடுங்க. லீவு வாங்கிட்டேன்." அவ்வளவுதான். ஸலாம்கூட இல்லை. இல்லாவிட்டால் போகிறது!

சேச்சியைக் கட்டிப்பிடித்தேன். வாடிக்கையாளரின் பாதிப் புருவம் அப்படியே நின்றது. சேச்சியின் அண்ணன் டிராவல்ஸில் இருக்கிறார், விசா அவர் பார்த்துக்கொள்கிறார்.

பிப்ரவரி 20, வியாழன்

நாளை மறுநாள் வருகிறான். ஒரு சிக்கல். எங்கள் குவார்ட்டர்ஸில் ஆண்களுக்கு அனுமதி இல்லை, மகனாக இருந்தாலும். மஹ்ரூப் தன் அறையில் தங்கச் சொல்கிறார். எந்த மனுஷனைப் பிடிக்கவில்லையோ அந்த மனுஷன் கட்டிலிலேயே என் பிள்ளை படுக்க வேண்டும். பிடிக்கவில்லை என்று அவன் எப்போது சொன்னான்? நானாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 22, சனி

எங்கிருந்து தொடங்குவது.

காலையில் விமான நிலையத்தில் ஆளைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். இளைத்துப் போயிருந்தான், அச்சாக அவன் அத்தா. "என்னத்தா இப்படி ஆயிட்ட?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா" என்று பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். மஹ்ரூப்புக்கு ஸலாம் சொன்னான், கை கொடுத்தான், பிறகு கார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மதியம் ரூவியில் ஒரு ஓட்டலில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பிரியாணி வந்தது. அவன் கையை வைக்கவில்லை.

"எங்கேம்மா கையெழுத்துப் போடணும்?" என்றான்.

"சாப்பிடு, திங்கக்கிழமைதான கோர்ட்டு. என்ன அவசரம்?"

"சீக்கிரம் தீர்த்து விட்டுட்டுப் போயிடறேன். நீதான எழுதியிருந்த, இது தீர்ந்தாத்தான் எனக்குக் கல்யாணம்னு."

"ஆமா, எழுதினேன்."

"நீதான் எனக்கு வலின்னு எழுதியிருந்த." குரல் உடைந்துவிட்டது. "கோர்ட்டுல போய் வேற சொல்லியிருக்க. ஒரு மாசமா அதையேதான் நினைச்சுட்டிருந்தேன். அப்புறம் பார்த்தேன், நிசந்தானே. எனக்காகத்தானே பன்னெண்டு வருசம் இங்க கெடக்க. இனிமேலாச்சும் உனக்கு நான் வலியா இருக்க வேணாம்னுதான் கிளம்பி வந்துட்டேன்."

மஹ்ரூப்பைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "மெகராஜ், என்ன எழுதி அனுப்பினீங்க?" என்றார். போனை எடுத்துக் கொடுத்தேன். படித்தார். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி மகனே!" என்றேன். எழுந்து, டேபிளைச் சுற்றிப் போய் அவன் தலையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஓட்டலே பார்த்தது. பார்க்கட்டும். "வலின்னா வக்கீலுடா! பொண்ணைப் பிடிச்சுக் கொடுக்கிற ஆளு! அரபியில வலிம்பாங்களாம்! நீ எனக்கு வலியாடா? நீயா?"

அவன் மஹ்ரூப்பைப் பார்த்தான். மஹ்ரூப், "மெய்தான் மகன். வலி எண்டா காப்பாத்துற ஆள். உம்மாக்கு நீங்கதான் காவல் எண்டுதான் எழுதியிரிக்காங்க. எழுதத் தெரியாம எழுதியிரிக்காங்க" என்றார்.

பாசில் முகத்தைத் துடைத்தான். "நம்ம ஊர்ல வக்கீல்னுதானம்மா சொல்லுவாங்க? வக்கீல்னு எழுதியிருக்கலாம்ல?"

"எழுதியிருந்தா? நீதான் எனக்கு வக்கீல், கோர்ட்டுல சொல்லிட்டேன்னா, என்ன கேஸுல மாட்டுனாளோன்னு பயந்திருப்ப!"

அதற்குத்தான் சிரித்தான். ஒரு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. பிரியாணி ஆறிப்போயிருந்தது, மூன்று பேரும் வழித்துச் சாப்பிட்டோம்.

டீ குடிக்கும்போது கேட்டேன், மாடி அறையை ஏன் நிறுத்திவிட்டாய், கல்யாணம் ஆனால் உனக்குத்தானே வேண்டும் என்று. அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அது எனக்கு இல்லம்மா. இந்த வருசம் உன்னைக் கூட்டிட்டு வந்துடலாம்னு கட்டுனேன். முட்டிக்காகத்தான் வெஸ்டர்னான்னு கேட்டேன். மாடிப்படிக்குக்கூடச் சின்னச் சின்னப் படியா வைக்கச் சொன்னேன். நீ போன்ல கல்யாணம்னு சொன்னதும், இனி எதுக்குக் கட்டணும்னு விட்டுட்டேன்."

எனக்காக ஒருவன் படியின் உயரத்தைக் குறைத்திருக்கிறான். நான் மருமகளுக்கு டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

நிக்காஹ் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்.

காஜி வயதானவர் இல்லை, கண்ணாடி போட்ட இளைஞர். மஹ்ரூப்போடு வேலை செய்யும் இரண்டு பேர் சாட்சி. லிசி சேச்சி பட்டுப்புடவையில் வந்து, உள்ளே விடுவார்களோ என்று பயந்து, தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலில் என்னைக் கேட்டார்கள், சம்மதமா என்று. சம்மதம். மஹர் என்ன என்றார்கள். ஒரு மோதிரம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம். நான் மொய்துக்காவிடம், "பாய், மஹரை மாத்தலாமா?" என்றேன்.

மஹ்ரூப் திடுக்கிட்டுத் திரும்பினார். எவ்வளவு கேட்பேனோ என்று நினைத்திருப்பார்.

"மோதிரம் வேணாம். ஒரு ஏசி வேணும். உத்தமபாளையத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல, இவரே வந்து மாட்டிக் கொடுக்கணும். இந்த வருசத்துக்குள்ள."

மொய்துக்கா அதை அரபியில் சொன்னார். காஜி பேனாவை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார். மொய்துக்கா மறுபடி சொன்னார். காஜி சிரித்துக்கொண்டே எழுதினார். மஹ்ரூப் சிரிக்கவில்லை, அவர் கண் நிறைந்துவிட்டது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பாசிலுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. ஊருக்கு ஏசி மாட்டப் போகிறவர் தனியாகவா போவார்? புரிந்ததும் குனிந்து செருப்பைச் சரிசெய்கிறவன் மாதிரி ரொம்ப நேரம் இருந்தான்.

அடுத்தது அவன் முறை. காஜி அரபியில் கேட்டார். மொய்துக்கா தமிழில், "நீங்கதானோ வலி?" என்றார்.

பாசில் என்னைப் பார்த்தான். அந்தக் கள்ளச் சிரிப்பு அவன் அத்தாவுடையது. "ஆமா. நான்தான் எங்கம்மாவுக்கு வலி" என்றான்.

பின்னாலிருந்து சேச்சி களுக்கென்று சிரித்தார். அவரிடம் முழுக் கதையும் நேற்றே கொட்டியாயிற்று.

பிறகு மஹ்ரூப்பின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, காஜி சொல்லச் சொல்ல அரபியில் சொன்னான். முடிந்ததும், தமிழிலும் ஒரு தடவை சொல்லலாமா என்று கேட்டான். சொல்லலாம் என்றார்கள். "எங்கம்மா மெகராஜ் பேகத்தை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அவங்களுக்கு முட்டி வலி. படி ஏறும்போது கையைப் பிடிச்சுக்கணும்" என்றான்.

மஹ்ரூப், "கபூல் செய்தேன்" என்றார். இரண்டையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொண்டார்.

பிப்ரவரி 26, புதன்

மஹ்ரூப்பின் அறையில், மாமனும் மருமகனும் மாதிரி இரண்டு பேரும் விடிந்ததிலிருந்து சண்டை. மஹ்ரூப் ஒன்றரை டன் ஏசி என்கிறார். பாசில், "உங்களுக்கு எங்க ஊர் கரண்டைப் பத்தித் தெரியாது மாமா, ஒரு டன்னே தாங்காது" என்கிறான். மாமா என்கிறான்! எனக்குக் கேட்காத மாதிரி வெங்காயம் நறுக்கினேன்.

கொத்தனாருக்குப் போன் போட்டுவிட்டானாம். ஏசிக்குச் சுவரில் ஓட்டை எந்தப் பக்கம் என்று மஹ்ரூப் படம் வரைந்து கொடுத்திருக்கிறார். லிசி சேச்சியிடமும் சொல்லிவிட்டேன், இந்த வருஷத்தோடு கிளம்புகிறேன் என்று. "அப்போள் என்டெ செவி?" என்று கேட்டுவிட்டு அழுதார்.

பிப்ரவரி 28, வெள்ளி

பாசிலை ஏற்றிவிட்டு வந்தோம். உள்ளே போகும் முன் போனை எடுத்துக் காட்டினான். முகப்பில் மோட்டார் பம்ப் போய்விட்டது. கோர்ட்டு வாசலில் எடுத்த படம், மூன்று பேரும்.

மார்ச் 1, சனி

இங்கே முதல் நோன்பு. ஊரில் பிறை இன்னும் பார்க்கவில்லையாம். பாசிலிடமிருந்து மெசேஜ் வந்தது. பத்திரமாக வந்துவிட்டானாம், சாலாம்மா, அதுதான் என் தங்கச்சி, இட்லி சுட்டுக் கொடுத்தாளாம், படிக்குச் சிமெண்டு பூசியாகிவிட்டதாம். கடைசியில், "இப்படிக்கு, உன் வலி."

முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. இன்னொரு வலி நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டான். அல்ஹம்துலில்லாஹ்.